வீட்டிலேயே கேக், பிரெட், சூடான சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக் ஏன் நடுவில் குழிந்தது, பிஸ்கட் ஏன் கல்லாகிவிட்டது, முட்டை இல்லாமல் முடியுமா, ஓவன் இல்லாமல் முடியுமா என்று கேள்விகள் பலவிதமாக வந்தாலும், பதில்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்கின்றன: அளவு, சூடு. கைப்பக்குவம் என்று ஒன்று இருப்பதை நான் மறுக்கவில்லை. பேக்கிங்கில் அது மூன்றாவதாகத்தான் வருகிறது.

முதன்முதலாக பேக் செய்யப் போகிறேன். எதில் தொடங்கலாம்?

வாழைப்பழ கேக்கில். பிழை பொறுக்கும் பண்டம் அது. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்க வேண்டியதில்லை. பழத்தின் ஈரமே கேக்கை மிருதுவாக வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் வறண்டுவிடாது.

தோல் கறுத்து நன்றாகக் கனிந்த மூன்று பழங்களை (உரித்த பிறகு ஏறத்தாழ 300 கிராம்) மசியுங்கள். அதில் 2 முட்டை, 120 கிராம் சர்க்கரை, 100 மில்லி வாசனையற்ற எண்ணெய் சேர்த்துக் கலக்குங்கள். வேறொரு பாத்திரத்தில் 200 கிராம் மைதா, 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி பேக்கிங் சோடா, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்து வையுங்கள். மாவை ஈரக் கலவையில் கொட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும் நொடியில் கிளறுவதை நிறுத்திவிடுங்கள். கட்டி கட்டியாக இருந்தால் இருக்கட்டும். எண்ணெய் தடவிய நீள டின்னில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஊற்றி, 175 டிகிரி செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் குத்திய பல்குத்தி மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஓரிரு ஈரத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் தவறில்லை, அதுதான் சரியான பதம்.

மக்ரோன், குரோசான், மூன்றடுக்கு கிரீம் கேக் ஆகியவை படங்களில் அழகாக இருக்கும். முதல் வாரத்தில் அவற்றைத் தொட வேண்டாம்.

கப் அளவா, கிராம் அளவா?

கிராம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. மைதாவை மெதுவாகக் கரண்டியால் அள்ளிப் போட்டு நிரப்பினால் ஒரு கப் ஏறத்தாழ 125 கிராம் இருக்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம்கூட வரும். இரண்டு கப் மாவு கேட்கும் செய்முறையில் 50 கிராம் கூடிவிட்டது என்றால், கேக் கெட்டியாகவும் வறட்சியாகவும் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சமையலறைக்கு ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்குங்கள். விலையுயர்ந்த பீட்டரைவிட அது அதிகம் உதவும். பாத்திரங்களும் குறைவாகவே அழுக்காகும்.

தராசு வரும்வரை கப்பையே பயன்படுத்துவதென்றால், மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் அள்ளிக் கப்பை நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கப் என்பது 240 மில்லி (சில நாடுகளில் 250). தேநீர் குடிக்கும் கோப்பை அளவுக் கப் ஆகாது. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, இரண்டும் தலைதட்டி. ஒரு கப் சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 225 கிராம். ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம்.

தராசு இருந்தால் செய்முறையே தேவைப்படாத கேக்கும் ஒன்று உண்டு. மூன்று முட்டைகளை ஓட்டோடு நிறுத்துப் பாருங்கள். அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா, அதோடு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பஞ்சுபோல ஆகும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவை மெல்லப் புரட்டிக் கலந்தால் முடிந்தது. இந்தச் சம எடை முறை சில நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. எளிதில் மறக்காது என்பதால்தான் நிலைத்திருக்கிறது.

எல்லாச் செய்முறையிலும் 180 டிகிரி என்கிறார்கள். அப்படியே வைத்தும் ஏன் கருகுகிறது, அல்லது வேகாமல் இருக்கிறது?

உங்கள் ஓவன் காட்டும் 180 உண்மையான 180 ஆக இருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டு ஓவன்களில் பத்து இருபது டிகிரி முன்பின்னாக இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அது 160 காட்டினால், அடுத்த முறை குமிழை 200இல் வையுங்கள். அவ்வளவுதான் பழுதுபார்ப்பு.

பொருளை உள்ளே வைப்பதற்கு முன் ஓவன் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்தவுடன் காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறையுங்கள். கறுப்பு டின் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும், அதற்கு 10 முதல் 15 டிகிரி குறைக்கலாம். கேக்குக்கு நடுத்தட்டு, மேல்கீழ் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும். மேற்கம்பி மட்டும் எரிவது சீஸை உருக்கவும் மேற்பரப்பைச் சிவக்க வைக்கவும்தான்.

ஃபாரன்ஹீட்டில் எழுதிய செய்முறை கிடைத்தால்: 325 என்பது ஏறத்தாழ 165 செல்சியஸ், 350 என்பது 175, 400 என்பது 205, 425 என்பது 220. இதைக் குழப்பிக்கொண்டு 350 செல்சியஸ் வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நல்லவேளையாக, பெரும்பாலான வீட்டு ஓவன்கள் அந்த அளவுக்குப் போவதில்லை.

ஓவன் இல்லை. அடுப்பிலேயே கேக் செய்யலாமா?

செய்யலாம், நன்றாகவே வரும். தேவை கனமான அடியுள்ள, இறுக்கமாக மூடும் பெரிய பாத்திரம். உள்ளே ஒரு கம்பி ஸ்டாண்டை வைத்து, மூடி, நடுத்தர தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு கேக் டின்னை ஸ்டாண்டின்மேல் வைத்து, மூடியை இறுக்கி, தீயைக் குறைத்துவிடுங்கள். ஓவனில் 35 நிமிடம் ஆகும் கேக்குக்கு இங்கே 45 முதல் 55 நிமிடம் பிடிக்கும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். பாத்திரத்தின் அடியில் உப்பு பரப்புவது வெப்பம் சீராகப் பரவ உதவும், கட்டாயமில்லை. பிரஷர் குக்கரைப் பயன்படுத்தினால் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே சூடாக்கவே கூடாது, அதன் பூச்சு கெட்டுவிடும்.

ஒரு குறை உண்டு. மேற்பரப்பு சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். தலைகீழாகக் கவிழ்த்துப் பரிமாறினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மைக்ரோவேவில்? ஏர் ஃப்ரையரில்?

மைக்ரோவேவில் ‘கன்வெக்‌ஷன்’ வசதி இருந்தால் அது ஓவன்தான்; வழக்கம்போலச் செய்யலாம். அது இல்லாத சாதாரண மைக்ரோவேவில் உலோக டின் வைக்கக் கூடாது, பொன்னிறமும் வராது. அதற்கு ஏற்றது கோப்பை கேக். ஒரு பெரிய கோப்பையில் 4 மேசைக்கரண்டி மைதா, 2 கோகோ, 3 சர்க்கரை, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 5 மேசைக்கரண்டி பால், 2 எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து, 70 முதல் 90 விநாடி வைத்தால் போதும். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

ஏர் ஃப்ரையர் ஒரு சிறிய விசிறி ஓவன். செய்முறையைவிட 20 டிகிரி குறைத்து வைத்து, மேற்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். தாளை டின்னின் விளிம்போடு மடித்துவிடாவிட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானா?

இல்லை. சோடா ஒரு காரம். அது வேலை செய்ய ஓர் அமிலம் வேண்டும்: தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர், பழுப்புச் சர்க்கரை, கனிந்த பழம், இவற்றில் ஏதாவது ஒன்று. அமிலமே இல்லாத மாவில் சோடா போட்டால் கேக் சோப்பு வாடை அடிக்கும், நிறம் கறுக்கும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு பொடியான அமிலமும் சிறிது ஸ்டார்ச்சும் சேர்ந்தே இருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டால் தானே நுரைக்கும்.

ஒரு கப் மாவுக்கு பவுடர் என்றால் ஒன்று முதல் ஒன்றேகால் தேக்கரண்டி, சோடா என்றால் கால் தேக்கரண்டி. சோடா பவுடரைப்போல மூன்று நான்கு மடங்கு வீரியமுள்ளது. எனவே ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் கதை கெட்டது. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக உப்பும் என்பதும் தவறான கணக்கு. அளவுக்கு மீறி எழும்பிய மாவு தன் பாரம் தாங்காமல் நடுவில் விழுந்துவிடும்.

டப்பா திறந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டதா? அரைத் தேக்கரண்டி பவுடரை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், சுறுசுறுவென்று பொங்க வேண்டும். சோடாவை வினிகரில் போட்டுச் சோதிக்கலாம். பொங்கவில்லை என்றால் குப்பைக் கூடைதான் அதற்கு இடம்.

வீட்டில் முட்டை சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

நீங்கள் முதல் ஆள் இல்லை. ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளுநரின் மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்ட்டும் ஒவ்வாது. அவருக்காகத்தான் பேர்ட் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843இல் ஒரு பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார்.

ஒரு முட்டைக்குப் பதிலாகக் கால் கப் தயிர், அல்லது கால் கப் மசித்த வாழைப்பழம், அல்லது ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்த கூழ் சேர்க்கலாம். ஒன்றிரண்டு முட்டை கேட்கும் செய்முறைகளுக்கு இது போதும். ஆறு முட்டையை அடித்து நுரைத்துச் செய்யும் ஸ்பாஞ்சுக்கு இந்த வித்தைகள் எதுவும் எடுபடாது, ஏனென்றால் அங்கே முட்டைதான் கட்டடம்.

மாற்றுப் பொருள் தேடுவதைவிட, பிறவியிலேயே முட்டை இல்லாத கேக்கைச் செய்வது புத்திசாலித்தனம். 190 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 25 கிராம் கோகோ, 1 தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். 240 மில்லி தண்ணீர், 80 மில்லி எண்ணெய், 1 மேசைக்கரண்டி வினிகர், 1 தேக்கரண்டி வனிலா எசென்ஸ் ஆகியவற்றை ஊற்றி, கட்டியில்லாமல் கலக்கி, உடனே 20 சென்டிமீட்டர் சதுர டின்னில் ஊற்றி, 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ‘உடனே’ என்பதைக் கவனியுங்கள். வினிகரும் சோடாவும் கிண்ணத்திலேயே சண்டையைத் தொடங்கிவிடும்; அந்தக் குமிழிகள் ஓவனுக்குள் போய்ச் சேர வேண்டும். பால், வெண்ணெய், முட்டை எதுவும் இல்லை, ஆனாலும் இதைவிட ஈரப்பதமான சாக்லேட் கேக் எளிதில் கிடைக்காது. வினிகர் வாடை சிறிதும் தெரியாது.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றலாமா?

வெண்ணெயை உருக்கிச் சேர்க்கும் செய்முறைகளில் தாராளமாக. வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். எண்ணெய் கேக் குளிர்சாதனப் பெட்டியிலும் மிருதுவாக இருக்கும். வெண்ணெய் கேக் இறுகிவிடும், ஆனால் மணம் அதில்தான். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் காற்றேற்றும் செய்முறையில் எண்ணெய் உதவாது. அந்த வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழும் பதத்தில் இருக்க வேண்டும். உருகிப் பளபளத்தால் காற்றைப் பிடித்துக்கொள்ளாது.

கேக் சொதப்பிவிட்டது. எங்கே தவறினேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டிப் பாருங்கள், கேக்கே சொல்லிவிடும்.

நடுவில் குழிந்திருந்தால்: வேகவில்லை, அல்லது பாதியில் ஓவன் கதவைத் திறந்தீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. குழிந்த இடத்தில் ஈரக் கூழாக இருந்தால் முதல் காரணம். நன்றாக வெந்தும் குழிந்திருந்தால் மூன்றாவது காரணத்தைச் சந்தேகியுங்கள். மொத்த நேரத்தில் முக்கால் பங்கு கடக்கும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

நடுவில் மலைபோல எழும்பி வெடித்திருந்தால் சூடு அதிகம். ஓரங்கள் சீக்கிரம் இறுகிவிட, நடுவில் இருந்த மாவு போக வழியில்லாமல் மேலே கிளம்பியிருக்கிறது. நீள டின்னில் செய்யும் கேக் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் நடுவெடிப்பு இயல்பு, அழகும்கூட.

உள்ளே நீள நீளமான துளைகள், மெல்லும்போது இழுபடும் தன்மை: மாவு சேர்த்த பிறகு அதிகம் அடித்துவிட்டீர்கள். மாவும் ஈரமும் சேர்ந்து கிளறப்படும்போது குளூட்டன் என்ற புரத வலை உருவாகிறது. பிரெட்டுக்கு அதுதான் உயிர், கேக்குக்கு அதுவே எதிரி.

அடியில் ஒரு கெட்டியான, ஈரமான அடுக்கு தெரிந்தால், முட்டையும் பாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்திருக்கும். குளிர்ந்த முட்டை பட்டால் அடித்த வெண்ணெய் திரிந்துபோகும். ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். மறந்துவிட்டால் முட்டைகளை ஓட்டோடு வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் போடுங்கள்.

டின்னிலேயே ஒட்டிக்கொண்டால், அடியில் பட்டர் பேப்பர் போடவில்லை, அல்லது சுடச்சுடக் கவிழ்த்தீர்கள், அல்லது முழுக்க ஆறவிட்டீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, ஓரத்தில் கத்தியை ஓட்டி, கம்பி வலையின்மேல் கவிழ்ப்பதே கணக்கு.

உடைந்த கேக்கைத் தூக்கி எறியாதீர்கள். உதிர்த்து, கண்ணாடிக் கிண்ணத்தில் பழமும் கஸ்டர்டும் மாற்றி மாற்றி அடுக்கினால், திட்டமிட்டுச் செய்த இனிப்பாகவே தோன்றும்.

குக்கீ ஒன்று தோசைக்கல்லில் ஊற்றியதுபோலப் பரவுகிறது, இல்லையென்றால் கல்லாகிவிடுகிறது.

பரவினால் வெண்ணெய் மிகவும் இளகியிருந்தது என்று பொருள். உருட்டிய உருண்டைகளைக் குறைந்தது அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஓர் இரவு முழுவதும் வைத்தால் மாவு ஈரத்தை நன்றாக உறிஞ்சி, சுவையும் கூடும். சூடான ட்ரேயில் அடுத்த சுற்றை வைப்பதும் பரவலுக்கு ஒரு காரணம்.

கல்லானால், அநேகமாக ஓவனில் வைத்தது அதிகம். ஓரம் இறுகி, நடு இன்னும் பச்சையாகத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் ட்ரேயின் சூட்டில் ஐந்து நிமிடம் வெந்துகொண்டிருக்கும். ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்ற எண்ணம் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நம்பகமான அளவு: 115 கிராம் வெண்ணெய், 75 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 75 கிராம் பழுப்புச் சர்க்கரை, 1 முட்டை, 165 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சோடா, கால் தேக்கரண்டி உப்பு, 150 கிராம் நறுக்கிய சாக்லேட். 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். பழுப்புச் சர்க்கரை மென்மை தரும், வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்பைத் தரும். உங்கள் வீட்டு ருசிக்கேற்ப விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பிசையத் தெரியாது, பொறுமையும் இல்லை. பிரெட் செய்ய முடியுமா?

பிசையவே வேண்டாத பிரெட் இருக்கிறது. நியூயார்க் பேக்கரான ஜிம் லாஹியின் முறை 2006இல் ஒரு செய்தித்தாள் கட்டுரை வழியாக உலகெங்கும் பரவியது. கை செய்யும் வேலையை இதில் நேரம் செய்கிறது.

400 கிராம் மைதா, கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 300 மில்லி தண்ணீர். எல்லாவற்றையும் கரண்டியால் ஒரு நிமிடம் கலந்து, மூடி, 12 முதல் 18 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். வெக்கையான நாளில் எட்டு மணி நேரத்திலேயே தயாராகிவிடும். மேலே குமிழிகள் தெரிவதுதான் அடையாளம், கடிகாரம் அல்ல. மாவு தூவிய மேடையில் கொட்டி, நான்கு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து உருண்டையாக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். அந்த நேரத்தில் மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்தை ஓவனில் 230 டிகிரியில் சூடாக்குங்கள். மாவை அதில் போட்டு மூடி 30 நிமிடம், மூடியைத் திறந்து மேலும் 15 முதல் 20 நிமிடம். மாவிலிருந்து வரும் நீராவி மூடிய பாத்திரத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால்தான் கடையில் வாங்கியதுபோன்ற மொறுமொறு மேலோடு கிடைக்கிறது.

அறுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சுடச்சுட அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும். வீடே மணக்கும்போது காத்திருப்பதுதான் இந்தச் செய்முறையின் ஒரே கடினமான பகுதி.

சாதாரண உலர் ஈஸ்ட் வாங்கியிருந்தால் 40 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில், ஒரு சிட்டிகை சர்க்கரையோடு பத்து நிமிடம் ஊறவையுங்கள். நுரைக்க வேண்டும். விரல் தாங்காத சூடு என்றால் ஈஸ்ட்டும் தாங்காது. 60 டிகிரியில் செத்துவிடும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா? மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு?

பெரும்பாலான கேக்குகளில் கால் பங்கு சர்க்கரையைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. அதற்குமேல் குறைத்தால் இனிப்பு மட்டும் குறையாது. ஈரத்தைப் பிடித்துவைப்பதும் நிறம் தருவதும் சர்க்கரைதான் என்பதால், வெளிறிய, வறண்ட கேக் வரும். கோதுமை மாவை முதலில் பாதிக்குப் பாதி சேர்த்துப் பாருங்கள். தவிடு தண்ணீரை அதிகம் குடிக்கும், ஆகவே இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றுங்கள். சாக்லேட், வாழைப்பழம், கேரட் கேக்குகளுக்கு முழுக் கோதுமையும் பொருந்தும். வனிலா கேக்குக்குப் பொருந்தாது. சத்து என்ற பெயரில் அதைச் சாப்பிட வைப்பது கொஞ்சம் அநியாயம்.

மக்ரோனி சீஸ் செய்தால் சாஸ் திரிதிரியாக, எண்ணெய் பிரிந்து நிற்கிறது.

சீஸைக் கொதிக்கும் சாஸில் போட்டிருப்பீர்கள். அதிகச் சூடு பட்டால் சீஸிலுள்ள புரதம் சுருங்கி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். துருவிய நிலையில் பாக்கெட்டில் வரும் சீஸில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், அதனாலும் சாஸ் வழவழப்பாக வராது. கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள்.

நான்கு பேருக்கு: 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். முதலில் கெட்டிப் பசையாகும், பயப்படாமல் தொடர்ந்து ஊற்றினால் இளகிவிடும். கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் அணைத்து, 200 கிராம் சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள். உப்பு, மிளகு, சிட்டிகை கடுகுப் பொடி. 250 கிராம் மக்ரோனியைப் பாக்கெட்டில் சொன்னதைவிட இரண்டு நிமிடம் குறைவாக வேகவைத்துக் கலந்து, வெண்ணெயில் பிரட்டிய பிரெட் தூளைத் தூவி, 200 டிகிரியில் 20 நிமிடம். ஓவனுக்குள் போகும்போது சாஸ் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும், உள்ளே போனதும் மக்ரோனி உறிஞ்சிக்கொள்ளும்.

வேலை முடிந்து களைத்து வரும் நாளில், ஒரே ட்ரேயில் இரவுச் சாப்பாடு?

எலும்போடு கூடிய கோழித் தொடைகள், உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், பூண்டு. காய்கள் கோழியோடு ஒரே நேரத்தில் வேகும் அளவில் இருக்க வேண்டும்: உருளையை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக, கேரட்டை அதைவிடச் சிறிதாக நறுக்குங்கள். எண்ணெய், உப்பு, மிளகு போட்டுப் பிசறி, ட்ரேயில் நெருக்கியடிக்காமல் பரப்புங்கள். நெருக்கினால் வறுபடாது, அவிந்துபோகும். 210 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். கோழியின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு கிருமிகள் சமையலறை முழுவதும் பரவும், சூடுதான் அவற்றைக் கொல்லும்.

சைவமாக வேண்டுமென்றால் உருளைக்கிழங்கு ஒன்றே போதும். ஒரு கிலோ உருளைத் துண்டுகளை, உப்பும் அரைத் தேக்கரண்டி பேக்கிங் சோடாவும் போட்ட இரண்டு லிட்டர் கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து வடிகட்டுங்கள். பாத்திரத்தை மூடிக் குலுக்கினால் ஓரங்கள் மசிந்து சொரசொரப்பாகும். எண்ணெயில் பிரட்டி 220 டிகிரியில் 45 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு. சோடா கிழங்கின் மேற்பரப்பைக் குழைத்துவிடுவதால் மொறுமொறுப்புக்கு அதிக இடம் கிடைக்கிறது.

சூப் சப்பென்று இருக்கிறதே?

வெங்காயத்தை அவசரமாக வதக்கியிருப்பீர்கள். குறைந்த தீயில் கால் மணி நேரம் வதங்கட்டும். கெட்டியாக்கச் சோளமாவு வேண்டாம். சூப்பில் மூன்றில் ஒரு பங்கை அரைத்து மீண்டும் ஊற்றினால் போதும். சூடான திரவத்தை மிக்ஸி ஜாரில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், நீராவி மூடியைத் தூக்கி எறியும். கடைசியில் உப்பு சரியாக இருந்தும் ஏதோ குறைகிறதென்றால் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

பிரெட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. அந்தக் குளிரில் ஸ்டார்ச் மீண்டும் இறுகுவதால், வெளியே இருப்பதைவிட வேகமாக வறண்டுவிடும். இரண்டு நாளில் தீராதென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்ட் செய்யுங்கள். கிரீம் இல்லாத கேக் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் வெளியே தாங்கும்; ஃப்ரீசரில் இரண்டு மாதம். குக்கீ உருண்டைகளைப் பச்சையாகவே ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால், விருந்தாளி காலணியைக் கழற்றுவதற்குள் ஓவனைப் போட்டுவிடலாம். இரண்டு நிமிடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

மீந்த சமையலை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும்.

குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம். மசிப்பது, சலிப்பது, தராசில் எண் பார்ப்பது, ட்ரேயில் உருண்டை அடுக்குவது எல்லாம் அவர்கள் வேலை. ஓவன் கதவு உங்கள் வேலை. கிண்ணத்தை வழித்து நக்கத் துடிப்பார்கள். பச்சை முட்டை மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அனுமதிக்காதீர்கள். ஈடாக ஒரு துண்டு சாக்லேட் கொடுத்துச் சமாதானம் செய்யலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் தர வேண்டாம், பேக் செய்ததாக இருந்தாலும்.

செய்முறையில் சொன்ன டின் என்னிடம் இல்லை.

பரப்பளவைப் பாருங்கள். 23 சென்டிமீட்டர் வட்டமும் 20 சென்டிமீட்டர் சதுரமும் கிட்டத்தட்ட ஒன்றே. 20 சென்டிமீட்டர் வட்டத்துக்கான மாவை 23இல் ஊற்றினால் கேக் தட்டையாகும், பத்து நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும். அளவை ஏறத்தாழ 1.3 மடங்காக்கினால் சரியாகும். எதுவானாலும் டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி மாவு மஃபின் கிண்ணங்களுக்குப் போகட்டும்.

அலங்காரம் தெரியாது. வெறும் கேக்கை வைத்தால் நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும். ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் ஒன்று முதல் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, கரண்டி நுனியால் கோடு கோடாக ஊற்றுங்கள். கேக் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் கேக்குக்குள் இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். அதன் பிறகு வெட்டலாம்.